ஒரு சாண் வளையம்

ஜனக்புரி, புது தில்லி
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சிந்து எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே குளிர் தொடங்கிவிட்டதா, வேளைக்குச் சோறு இறங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்றெல்லாம் அம்மா கேட்கச் சொன்னாள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை சாட்டிலைட் போனில் கிடைக்கும் இரண்டு நிமிடத்தையும் அவளே அழுது தீர்த்துவிடுகிறாள். பிறகு நான் கடிதம் எழுதாமல் என்ன செய்வது? உன் மலை உச்சிக்கு சிக்னல் கோபுரம் வருகிற வரைக்கும் தபால்காரர்தான் நமக்குக் கதி.

கல்லூரியில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. இயற்பியல் ஆனர்ஸ்! நீ பட்டாளத்துக்குப் போகிறேன் என்றபோது அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாரே, நான் இயற்பியல் என்றபோதும் அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முதல் ஆண்டில் ஒரு தாள்கூடப் போகக் கூடாது. போனால் படிப்பை நிறுத்திவிட்டு வங்கித் தேர்வுப் பயிற்சிக்குப் போக வேண்டும். "ஏட்டி, இன்னும் ரெண்டு வருசத்துல நான் ரிட்டயர் ஆயிருவேன். வெளையாட்டுக்கெல்லாம் நேரமில்ல, பாத்துக்கோ" என்றார்.

நான் விடுவேனா? கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டேன். மெட்ரோவில் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி, அதிலும் படிப்புதான். தோழி அனன்யா ஐந்து நிற மார்க்கர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சூத்திரத்துக்கு மஞ்சள், வரையறைக்குப் பச்சை, முக்கியமானதற்கு இளஞ்சிவப்பு. எல்லாமே முக்கியமாகத் தெரிவதால் புத்தகத்தில் வெள்ளையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பாடத்தையும் ஐந்து தடவை வாசிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூற்றாறு வாங்கியவளாக்கும்!

உன் வயர்லெஸ் பெட்டியை விட்டு அவ்வப்போது வெளியே தலை நீட்டி, அங்கே என்ன இருக்கிறது என்று எழுது.

உன் சுகத்தை நினைத்திருக்கும்,
சிந்து

•

(இடத்தின் பெயரை எழுத அனுமதியில்லை)
5 அக்டோபர் 2025

பாசமுள்ள தங்கைக்கு,

அண்ணன் நல்லசிவம். நான் திடமாக இருக்கிறேன். சோறு இறங்குகிறது. பதினைந்தாயிரம் அடியில் பூட்ஸ் கயிறு கட்டினாலே மூச்சு வாங்கும், இதை மட்டும் அம்மாவிடம் வாசித்துக் காட்டாதே. அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஐந்து நிற மார்க்கரா? ஹோலி மார்ச்சில்தானே வரும்?

நீ சொன்னபடி நேற்று வெளியே தலை நீட்டினேன். சிந்து, சூரியனைச் சுற்றி ஒரு வளையம். கோலப்பொடியால் போட்டது மாதிரி முழு வட்டம். முகாமில் இருந்த பதினோரு பேரும் கையில் பிடித்த வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றோம். சுபேதார் சாகிப் கைகூப்பினார். என்னோடு வயர்லெஸில் இருக்கும் நாகர்கோவில்காரன் ஜெயசீலன் சிலுவை போட்டுக்கொண்டான். வளையத்துக்கு உள்ளே வானம் சற்றுக் கறுத்திருந்தது. உள்விளிம்பு சிவந்திருந்தது.

நான் கையை நீட்டி, கட்டைவிரலால் சூரியனை மறைத்து, விரல்களை விரித்தேன். சுண்டுவிரல் நுனி வளையத்தில் போய் நின்றது. சரியாக ஒரு சாண். மேலே, பக்கத்தில், எங்கே அளந்தாலும் ஒரு சாண். சுபேதார் ஆறரை அடி ஆள், அவர் அளந்தாலும் ஒரு சாண். பெரிய விரலுக்கு நீளமான கை, ஆக எல்லாருக்கும் கணக்கு ஒன்றுதான். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. குளிரால் இல்லை.

யார் அளந்து போட்டது இதை? ஏன் ஒரு சாண், ஏன் ஒன்றரைச் சாண் இல்லை? நம் வீட்டில் இயற்பியல் படிக்கிறவள் நீ ஒருத்திதான். "எந்தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்லுதேன்"னு எல்லாரிடமும் பீற்றிக்கொண்டுவிட்டேன். மானத்தைக் காப்பாற்று.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அண்ணன்,
நல்லசிவம்

•

ஜனக்புரி
19 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். அப்பா முழங்காலுக்குத் தைலம் போடுகிறார். நாளை தீபாவளி. அம்மா அனுப்பிய முறுக்கு நொறுங்காமல் வந்ததா?

நீ கேட்டதற்குப் பதில்: ஒளிக்கதிர் ஓர் ஊடகத்திலிருந்து அடர்த்தி வேறுபட்ட மற்றோர் ஊடகத்துக்குச் செல்லும்போது தன் பாதையிலிருந்து விலகுகிறது. இது ஒளிவிலகல் எனப்படும். முப்பட்டகத்தின் வழியே செல்லும் கதிரின் விலகு கோணம், படுகோணத்தைப் பொறுத்து மாறி, ஒரு குறிப்பிட்ட நிலையில் சிறும மதிப்பை அடைகிறது. இதுவே சிறும விலகு கோணம் எனப்படும். சூத்திரத்தைத் தனித்தாளில் படத்துடன் வைத்திருக்கிறேன்.

இயற்பியலே படிக்காதவர் யாராவது அங்கே இருந்தால்கூடப் புரியும்படி தெளிவாக எழுதியிருக்கிறேன். பதினோரு பேருக்கும் தீபாவளி வாழ்த்து.

சிந்து

•

(இடம்: வழக்கம்போல)
23 நவம்பர் 2025

பாசமுள்ள தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். பனி மூடிவிட்டது. இனி ஏப்ரல் வரை ஹெலிகாப்டர் வந்தால்தான் தபால். முறுக்கு தூளாகத்தான் வந்தது. அதையும் கரண்டியால் அள்ளித் தின்றோம்.

உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். முடிந்ததும் உன் படத்தாளை ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். கடைசியில் ஜெயசீலன்தான், "அண்ணே, தங்கச்சி நல்லா எழுதிருக்கு. ஆனா வளையத்தப் பத்தி எப்போ எழுதும்?" என்றான்.

ஏட்டி, பார்த்துத்தானே எழுதினாய்? எனக்கு எப்படித் தெரியும் என்று கேள். நீ இதுவரை எனக்கு எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் பக்கத்துக்குப் பத்து அடித்தல், ஓரத்தில் அம்புக்குறி, நடுவில் மை. இந்த ஒரு பக்கம் மட்டும் கல்வெட்டு மாதிரி இருக்கிறது. மனதிலிருந்து வருவது அடித்துத் திருத்தித்தான் வரும். இதில் பனி என்ற சொல்லே இல்லை. நான் நிற்பது பனியிலம்மா.

ஒன்று செய். புத்தகத்தை மூடி, பரண்மேல் வை. பிறகு எழுது. வராது. வராத இடத்தில் நில். அந்த இடத்தை மட்டும் போய்ப் பார். மறுபடியும் மூடு. எங்களுக்கு வயர்லெஸ் பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கையேட்டைப் பார்த்துக்கொண்டே பத்துத் தடவை வாசித்தவனெல்லாம் முதல் நாளே திணறினான்.

கோபித்துக்கொள்ளாமல் பதில் போடு.

நல்லசிவம்

•

ஜனக்புரி
8 மார்ச் 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். நான் மட்டும் நலமில்லை. மூன்றரை மாதமாக நான் எழுதாததற்கு ஹெலிகாப்டர் காரணமில்லை. முதலில் கோபம். பிறகு தேர்வு. பிறகு வெட்கம்.

இரண்டு தாள் போய்விட்டது அண்ணா. இயந்திரவியலில் இருபத்தொன்று, கணித இயற்பியலில் பதினெட்டு. கேள்வித்தாளைப் பார்த்ததும் எந்தப் பக்கத்தில், எந்த நிறத்தில் அடிக்கோடிட்டிருந்தேன் என்பது கண்முன் வந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்பது வரவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. மே மாதம் மறுதேர்வு இருக்கிறது. அதில் தேறினால் அவருக்குத் தெரியாமலே கரையேறிவிடலாம். தேறாவிட்டால் என் இயற்பியல் அதோடு சரி.

மூன்று நாள் அழுதேன். நாலாம் நாள் உன் நவம்பர் கடிதத்தை எடுத்தேன். பரண் இல்லாததால் புத்தகத்தை பிரிட்ஜ் மேல் வைத்தேன். வெள்ளைத்தாளில் "அண்ணா, உன் வளையம்" என்று எழுதினேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. தொண்ணூற்றாறு வாங்கியவளுக்கு!

அப்படியே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் நிற்பது பனியில். வானத்தில் மிதப்பது பனித்துகள். பனித்துகளுக்கு ஆறு பக்கம், பென்சில் மாதிரி. ஆறு பக்கப் பென்சிலில் ஒரு பக்கத்தையும், ஒன்று விட்டு அடுத்த பக்கத்தையும் நீட்டிக்கொண்டே போனால் இரண்டும் சந்திக்கும் கோணம் அறுபது. அறுபது டிகிரி முப்பட்டகம்! பரிசோதனைச் சாலையில் நான் தொட்டுத் துடைத்துப் பெட்டியில் வைத்த அதே கண்ணாடிப் பட்டகம், உன் தலைக்குமேல் கோடிக்கணக்கில் மிதக்கிறது. பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் ஒன்று புள்ளி மூன்று ஒன்று. அதை மட்டும் எழுந்துபோய்ப் பார்த்துவந்தேன். நீ சொன்ன மாதிரி வராத இடத்தை மட்டும். சிறும விலகு கோணச் சூத்திரத்தில் போட்டேன். கால்குலேட்டரில் விடை வந்தது: இருபத்தொன்று புள்ளி எட்டு நான்கு டிகிரி.

நீட்டிய கையில் ஒரு சாண் எவ்வளவு என்று நூல் கட்டி அளந்தேன். ஏறக்குறைய இருபத்திரண்டு டிகிரி.

அம்மாடி! அண்ணா, கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்த வரி அது. அந்த வரி உன் வானத்தில் வட்டமாக நின்றிருக்கிறது, சுபேதார் கும்பிட்டிருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை. இருபத்திரண்டுக்குக் குறைவாக எந்தத் துகளாலும் ஒளியைத் திருப்ப முடியாது. அதனால்தான் வளையத்துக்கு உள்ளே வானம் கறுத்திருக்கிறது. சிவப்பு எல்லா நிறத்தையும்விடக் குறைவாகத் திரும்பும், அதனால் அது உள்விளிம்பில். நீ பார்த்ததெல்லாம் சரி.

படித்துவிட்டு என்னைத் திட்டு. ஆனால் பதில் போடு.

சிந்து

பி.கு: அடித்தல் எண்ணிக்கொள். முதல் பக்கத்தில் மட்டும் பதினேழு.

•

29 மார்ச் 2026

பாசமுள்ள தங்கைக்கு,

சுகம். தலைவலி கொஞ்சம் இருக்கிறது, உயரத்தில் எல்லாருக்கும் வருவதுதான்.

எதற்குத் திட்ட வேண்டும்? உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பிறகு வெறும் டப்பாவில் பனியை உருட்டி, பென்சிலை வைத்து, ஜெயசீலனுக்கு நானே விளக்கினேன். அவன் நேபாளத்துச் சமையல்காரர் தாபாவுக்கு விளக்கினான். தாபா வடை சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ சாமி சூத்திரம் போட்டுத்தான் எல்லாத்தையும் செஞ்சிருக்காரா?" என்று இந்தியில் கேட்டார். இருபத்தெட்டு வருடமாக நான் கண்ணைத் திறந்துகொண்டு குருடனாக இருந்திருக்கிறேன், சிந்து.

இனி ஒப்பந்தம். போன தாள் இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடு. வாரம் ஒரு கடிதம், புத்தகம் பிரிட்ஜ் மேல். எனக்குப் புரிந்தால் நீ தேறினாய்.

நல்லசிவம்

•

ஜனக்புரி
12 ஏப்ரல் 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

அனைவரும் நலம். இங்கே வெயில் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. உன் தலைவலி விட்டதா?

இது முதல் பாடம். சுழலும் பொருள் தன்னைக் குறுக்கினால் ஏன் வேகமெடுக்கிறது என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அப்பாவின் சுழல் நாற்காலியில் ஏறி, இரண்டு கையிலும் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் பிடித்து, கையை அகல நீட்டிச் சுற்றினேன். பிறகு சட்டென்று நெஞ்சோடு சேர்த்தேன். அடேங்கப்பா, யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரி பறந்தது. என்னை யாருமே தொடவில்லை! அப்பா வாசலில் நின்று, "ஏட்டி, கிறுக்குப் புடிச்சிட்டா?" என்றார். நான் இறங்கி, தலைசுற்றலோடு அவருக்கே விளக்கினேன். உப்பை வாங்கி அடுப்படியில் வைக்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

இன்னொரு செய்தி. வியாழக்கிழமை காலை மெட்ரோ நடைமேடையில், கூரை முடிகிற இடத்தில் நின்றிருந்தேன். மெல்லிய மேகம். நிமிர்ந்தேன். உன் வளையம்! தில்லியில், ஜனக்புரியில்! கட்டைவிரலால் சூரியனை மறைத்துக் கையை விரித்தேன். ஒரு சாண். பக்கத்தில் நின்ற ஆன்ட்டி, "க்யா ஹுவா பேட்டா?" என்று விசாரித்தார். காட்டினேன். அவர் வாய் பிளந்தார். அவரைப் பார்த்து ஒரு காலேஜ் பையன், அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடி முழுக்கக் கையை நீட்டிச் சாண் அளந்துகொண்டிருந்தது. ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, நாங்கள் யாரும் ஏறவில்லை. வகுப்புக்குத் தாமதம். கவலையே இல்லை.

மே பதினெட்டு முதல் தேர்வு.

சிந்து

•

3 மே 2026

பாசமுள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

மறுதேர்வுக்கு நன்றாகப் படி. போன இரண்டு தாளையும் இந்த முறை முடித்துவிடுவாய்.

நேற்று இங்கே சூரியனைச் சுற்றி ஒரு வளையம் கண்டோம். முழு வட்டம். கையை நீட்டி அளந்தால் சரியாக ஒரு சாண் வருகிறது. அது ஏன்? நீ இயற்பியல் படிக்கிறாயே, தெரிந்தால் எழுது.

நல்லசிவம்

•

ஜனக்புரி
15 மே 2026

அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான்.

உறையில் என் பெயரைப் போடாமல் அப்பா பெயரைப் போட்டாயே, என்ன நினைத்துக்கொண்டு போட்டாய்? தனக்கு வந்ததென்று அவர் பிரித்துவிட்டார். "மறுதேர்வு" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "பயிற்சி வகுப்புல பேரு குடுத்தாச்சி. ஒரு தாளு போனாலும் ஜூலைல அங்கதான் போற" என்றார். மூன்று மாதம் காப்பாற்றிய ரகசியத்தை ஒரே உறையில் போட்டு உடைத்துவிட்டாய். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கிறது.

அதற்குமேல் கேலி வேறு! வளையத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறேன், நீ டப்பாவில் பனி உருட்டி விளக்கியிருக்கிறாய், இப்போது "அது ஏன், தெரிந்தால் எழுது" என்றால் என்ன அர்த்தம்?

கடுப்பில் தாளை எடுத்து மறுபடி எழுதினேன், பழைய கணக்கைப் பார்க்காமல். பாதியில் மாட்டிக்கொண்டேன். இருபத்திரண்டுதான் குறைந்தபட்சம், சரி. ஆனால் துகள்கள் ஆளுக்கொரு பக்கம் புரண்டு கிடக்கின்றன. ஒளி ஏன் குறைந்தபட்சத்திலேயே வந்து குவிய வேண்டும்? மார்ச்சில் இதை நான் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. முக்கால் மணி நேரம் யோசித்தேன். ஊஞ்சல் உச்சிக்குப் போனால் திரும்புவதற்குமுன் சற்றுத் தயங்குமே, அதுபோல. துகள் எப்படிப் புரண்டாலும் அந்தக் கோணத்துக்குப் பக்கத்தில் மாற்றம் மெதுவாகிவிடுகிறது. அதனால் எக்கச்சக்கமான துகள்கள் அங்கேயே ஒளியைக் கொட்டுகின்றன. புரிந்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

உன்மேல் கோபம் மட்டும் போகவில்லை. போனில் பேசிய பிறகு அம்மா வேறு புலம்புகிறாள்: "என்னமோ, புள்ள இப்பல்லாம் ரெண்டு வார்த்தையோட நிறுத்திக்கிடுதான்." அவளோடாவது ஒழுங்காகப் பேசு.

சிந்து

•

2 ஜூன் 2026

பாசமுள்ள தங்கைக்கு,

சுகம். உறை என் தவறு. மன்னித்துக்கொள்.

வளையத்தை வேண்டுமென்றேதான் மறுபடி கேட்டேன். நாள் கழித்துக் கேட்டால் நிற்கிறதா என்று பார்க்க. நின்றது அல்லவா?

தேர்வு எப்படி எழுதினாய்?

நல்லசிவம்

•

ராணுவ மருத்துவமனை, சண்டிகர் பக்கம்
12 ஜூலை 2026

பாசமுள்ள தங்கைக்கு,

விலாசத்தைப் பார்த்துப் பதறாதே. கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. இங்கே போன் இருக்கிறது, இருந்தும் எழுதுகிறேன். பேசினால் வார்த்தைக்கு நடுவில் நின்றுவிடுகிறேன், நீங்கள் பயந்துவிடுவீர்கள். எழுதும்போது நிற்பது யாருக்கும் தெரியாது.

ஜூன் மாதம் உனக்கு ஒரு பொய் எழுதினேன். வேண்டுமென்றே கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை, சிந்து. மே மாதம் அந்த வளையத்தை நான் முதல் முறை பார்ப்பதாகத்தான் நினைத்தேன். உன் கோபமான கடிதம் வந்த பிறகு பழைய கடிதங்களைத் தேடி எடுத்து வாசித்தேன், மறுபடி மறந்துவிடாமலிருக்க ஜெயசீலனுக்குத் தினமும் சொல்லிக் காட்டினேன். என் பதில்களில் நான் என்ன எழுதியிருப்பேன் என்று ஊகித்துக்கொண்டேன்.

உயரம் சிலருக்கு இப்படிச் செய்யும் என்கிறார்கள். பிப்ரவரியில் தொடங்கியது. வயர்லெஸ் அழைப்புப் பெயர்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வேலை பார்த்தேன். சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள், என் இடத்துக்கு வேறு ஆள் வரப் பாதை திறக்கவில்லை. அதோடு, வெட்கம். உனக்குத்தான் தெரியுமே. அந்த உறையை எழுத உட்கார்ந்தபோது வீட்டு எண் வந்தது, தெரு வந்தது, அப்பா பெயர் வந்தது. உன் பெயர் வரவில்லை. ஜெயசீலனிடம் கேட்க நாக்கு எழவில்லை. என் தங்கையின் பெயரை இன்னொருவனிடம் எப்படிக் கேட்பேன்? அப்பா பெயரைப் போட்டு ஒட்டிவிட்டேன். அதனால் உனக்கு என்ன ஆனது என்று படித்தபோது நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஜூன் கடைசியில் ஜெயசீலன்தான் மருத்துவரிடம் சொல்லிவிட்டான். அன்று அவனை அடிக்கப் போனேன். இப்போது கும்பிடத் தோன்றுகிறது.

இங்கே டாக்டர் மேதா என்று ஒரு மேஜர் அம்மா. ஐந்து சொல் சொல்லி, பத்து நிமிடம் கழித்துக் கேட்டார். இரண்டுதான் வந்தது. அவர் பேனாவை மூடிவிட்டு, "சரி, இந்த ஆறு மாதத்தில் எது ஞாபகம் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்" என்றார். நான் ஆறு பக்கப் பென்சில் ஒன்று கேட்டேன். அறுபது டிகிரி, ஒன்று புள்ளி மூன்று ஒன்று, சிவப்பு ஏன் உள்ளே, உப்புப் பொட்டலம், ஊஞ்சல் தயங்குவது வரை சொன்னேன். இருபது நிமிடம். அவர் அடுத்த அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஒரு தடவை பார்த்ததெல்லாம் போயிருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டு, நீங்களே மற்றவர்களுக்குச் சொன்னது நின்றிருக்கிறது. யே ஆப்கோ கிஸ்னே சிகாயா?" என்று கேட்டார். என் தங்கைதான் சொல்லிக்கொடுத்தாள் என்றேன். பெயர் என்ன என்றார்.

அரை நிமிடம் ஆனது, சிந்து. அரை நிமிடம்.

சரியாகிவிடும், மெதுவாகத்தான் ஆகும் என்கிறார்கள். தினமும் ஒரு பக்கம் எதையும் பார்க்காமல் எழுத வேண்டுமாம். இது இன்றைய பக்கம். அடித்தல்களை மன்னிக்கவும். முடிவு வந்துவிட்டதா? அப்பாவிடம் என்ன சொன்னாய்? அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

உன் அண்ணன்,
நல்லசிவம்

•

ஜனக்புரி
16 ஜூலை 2026

என் அண்ணனுக்கு,

அம்மாவுக்குச் சொல்லிவிட்டோம். அழுதாள், பிறகு முறுக்குக்கு மாவு பிசையப் போய்விட்டாள். அப்பா உன் கடிதத்தைப் பால்கனியில் நின்று வாசித்தார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. வந்ததும், "அந்த உறைய எங்க வச்சிருக்க?" என்று கேட்டு வாங்கி, தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

முடிவு திங்கட்கிழமை வந்தது. இயந்திரவியலில் எழுபத்து நாலு, கணித இயற்பியலில் அறுபத்தொன்று. இரண்டாம் ஆண்டுக்குப் போகிறேன். பயிற்சி வகுப்புக்கு அப்பாவே போன் போட்டு, "எம் மக வரமாட்டா. அவ பிசிக்ஸ் படிக்கா" என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே!

நீ கேட்கக் கேட்கத்தான் நான் தேறினேன், அண்ணா. நீ மறந்து கேட்டதும் அதில் சேர்த்திதான். அந்த மலையில் ஒவ்வொன்றாக உன்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தபோது நீ எனக்குப் பாடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். அதற்கு "ஏற்கனவே எழுதினேனே" என்று சீறினேன் பார், என் வாயில் மண்ணைப் போடு.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை ரயிலில் நானும் அப்பாவும் வருகிறோம். வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும் பெயர் வரவில்லையென்றால் திணறாதே, சிரித்துச் சமாளிக்காதே. என்னைக் கேள். சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லையென்றால் மறுபடி கேள். அன்றைக்கும் சொல்கிறேன்.

சிந்து